பிஎன்ஜி படத்தைத் துண்டு துண்டாகப் படிப்போம்: சி மொழியில் நீளம் மாறும் தரவு

உங்கள் கணினியில் இருக்கும் ஏதாவது ஒரு பிஎன்ஜி படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் 33 பைட்டுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கும் என்பதைக் கோப்பைத் திறக்காமலே சொல்லிவிடலாம். 34வது பைட்டிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது. அங்கே நிறத்தரவு இருக்கலாம், படத்தை உருவாக்கியவர் பெயர் இருக்கலாம், தேதி இருக்கலாம். ஒவ்வொன்றும் எத்தனை பைட் என்பது கோப்புக்குக் கோப்பு மாறும்.

சி கற்கத் தொடங்கியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ஒரு ஸ்ட்ரக்ட் எழுதி, அதன் அளவுக்கு எஃப்ரீட் (கோப்பிலிருந்து பைட்டுகளைப் படிக்கும் ஃபங்ஷன்) போட்டுப் பழகியவருக்கு, அளவே தெரியாத ஒன்றை எப்படிப் படிப்பது என்று குழப்பம் வருவது இயல்புதான். அளவு கோப்புக்குள்ளேயே, தரவுக்கு முன்னால் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எண்ணைச் சரியாக எடுக்க வேண்டும். எடுத்ததை உடனே நம்பாமல் சோதிக்க வேண்டும். இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் எந்தப் பைனரி கோப்பையும் தைரியமாகத் தொடலாம்.

பழகுவதற்கு பிஎன்ஜியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஜிஃப் வடிவத்தில் காப்புரிமைச் சிக்கல் வந்தபோது, அதற்கு மாற்றாக 1995இல் இணையத்தில் பலர் கூடி வடிவமைத்தது இது. 1996 அக்டோபரில், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளியானது. வரையறை எல்லோருக்கும் இலவசம், அமைப்பு மிகத் தெளிவு. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கோப்பு வடிவம் எனக்குத் தெரியாது.

கீழே சி ஃபங்ஷன்களின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். பைட்டுகளையும் பத்தடிமான எண்களாகவே எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு ஹெக்ஸ் எடிட்டரை (கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் மென்பொருள்) திறந்து, பத்தடிமானத்தில் காட்டச் சொல்லி வைத்துக்கொண்டால் கூடவே சரிபார்த்துக்கொண்டு வரலாம்.

அமைப்பு

முதல் 8 பைட்டுகள் அடையாளக் குறி: 137 80 78 71 13 10 26 10. அதன்பிறகு கோப்பு முழுக்கத் துண்டுகள்தான். ஒவ்வொரு துண்டிலும் நான்கு பகுதிகள். 4 பைட்டில் நீளம், 4 பைட்டில் துண்டின் வகை, அப்புறம் அந்த நீளத்துக்கு உரிய தரவு, கடைசியில் 4 பைட்டில் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண். நீளம் என்பது தரவின் நீளம் மட்டுமே. மற்ற 12 பைட்டுகள் அதில் சேராது.

முதல் துண்டு எப்போதும் ஐஎச்டிஆர், படத்தின் அகலம், உயரம் போன்றவை இருப்பது. அதன் தரவு 13 பைட்டுகள். 8, 4, 4, 13, 4 என்று கூட்டினால் 33 வரும். கடைசித் துண்டு ஐஎண்ட். அதில் தரவே கிடையாது, நீளம் 0. இந்தப் பூஜ்ஜியத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 1: பைனரியாகத் திறப்பது

எஃப்ஓப்பனுக்கு இரண்டாவது மதிப்பாக 'ஆர்பி' கொடுக்க வேண்டும். வெறும் 'ஆர்' போதாது. லினக்ஸில் இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொள்வதால் இந்தத் தவறு வெளியே தெரியாது. விண்டோஸில் தெரிந்துவிடும். அங்கே டெக்ஸ்ட் முறையில் படிக்கும்போது 13, 10 என்று அடுத்தடுத்து வருவது ஒரே 10 ஆகிவிடும். 26 வந்தால் கோப்பு முடிந்ததாக எடுத்துக்கொள்ளப்படும்.

இப்போது அடையாளக் குறியைத் திரும்பப் பாருங்கள். 13 10 26 10. வடிவமைத்தவர்கள் இவற்றை வேண்டுமென்றே அங்கே வைத்திருக்கிறார்கள். விண்டோஸில் டெக்ஸ்ட் முறையில் திறந்து 8 பைட் கேட்டால் 137, 80, 78, 71, 10 என ஐந்துதான் கிடைக்கும். தவறு முதல் வரியிலேயே பிடிபட்டுவிடும். தொடக்கத்தில் 127க்கு மேற்பட்ட 137 இருப்பதும் இதே எண்ணத்தில்தான். 7 பிட் மட்டுமே கடத்தும் பழைய வழிகளில் கோப்பு சிதைந்திருந்தால் அந்தப் பைட் மாறிப்போயிருக்கும். இந்த எட்டு எண்களுக்குப் பின்னால் இருக்கும் அக்கறையை நான் இன்றும் வியந்து பார்க்கிறேன்.

படி 2: எஃப்ரீட் திருப்பித் தரும் எண்ணைப் பார்ப்பது

எஃப்ரீட் நான்கு மதிப்புகள் வாங்கும்: எங்கே வைப்பது, ஓர் உருப்படியின் அளவு, எத்தனை உருப்படிகள், எந்தக் கோப்பு. திருப்பித் தருவது முழுதாகக் கிடைத்த உருப்படிகளின் எண்ணிக்கை. அதனால் அளவை 1 என்றும் எண்ணிக்கையை 4 என்றும் கொடுங்கள். மாற்றி, அளவு 4, எண்ணிக்கை 1 என்று கொடுத்தால், மூன்று பைட் மட்டும் கிடைத்த நேரத்திலும் 0 என்றுதான் பதில் வரும். எத்தனை பைட் வந்தது என்ற தகவல் போய்விடும்.

இதற்கென்று சொந்தமாக ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்கள். கோப்பு, வைக்குமிடம், வேண்டிய பைட் எண்ணிக்கை மூன்றையும் வாங்கிக்கொண்டு, கேட்டது முழுவதும் வந்தால் மட்டும் 1 தர வேண்டும், இல்லையென்றால் 0. புரோகிராமில் வேறு எங்கும் எஃப்ரீடை நேரடியாக அழைக்காதீர்கள்.

எஃப்இஓஎஃப் வைத்து லூப் ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கோப்பின் முடிவைத் தாண்டிப் படிக்க முயன்று தோற்ற பிறகுதான் அது உண்மை என்று சொல்லும். கடைசித் தரவைப் படித்து முடித்த நொடியில் அதற்கு எதுவும் தெரியாது. அதனால் லூப் ஒருமுறை கூடுதலாக ஓடி, பழைய தரவையே மறுபடி கையாளும். படிப்பதைப் படித்துவிட்டு, குறைவாக வந்தால் அப்போது எஃப்இஓஎஃப், எஃப்எர்ரர் இரண்டையும் கேட்டு, முடிவா பழுதா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: நான்கு பைட்டை ஓர் எண்ணாக்குவது

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் துண்டின் நீளம் கோப்பில் 0 0 0 13 என்று இருக்கும். பெரிய மதிப்புள்ள பைட் முதலில், சிறியது கடைசியில். நாம் இன்று பயன்படுத்தும் இன்டெல், ஏஎம்டி கணினிகள் எண்களை இதற்கு நேர் எதிர் வரிசையில் நினைவகத்தில் வைக்கின்றன. இன்ட் வேரியபிள் ஒன்றின் முகவரியைக் கொடுத்து அந்த நான்கு பைட்டுகளை நேரே அதில் படித்தால் 13 கிடைக்காது. 21,81,03,808 கிடைக்கும். நினைவகத்தில் இடம் ஒதுக்கும் மேலாக் ஃபங்ஷன் அதைக் கேட்டு 20 கோடி பைட்டுக்கு மேல் ஒதுக்கியும் கொடுத்துவிடலாம். ஒரு எச்சரிக்கையும் வராது.

ஆகவே நான்கு பைட்டுகளையும் 'பை' என்று பெயரிட்ட அன்சைன்ட் கேர் (குறியில்லாத பைட்) அரே ஒன்றில் படித்து, நீங்களே கூட்டுங்கள்:

நீளம் = பை[0] × 16777216 + பை[1] × 65536 + பை[2] × 256 + பை[3]

கணினி எந்த வரிசைப்படி வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பெருக்கலுக்குப் பதில் 24, 16, 8 என்று இடது நகர்த்தலும் செய்யலாம். எப்படிச் செய்தாலும், ஒவ்வொரு பைட்டையும் முதலில் யுஇன்ட்32_டி (32 பிட் குறியில்லாத எண்) வகைக்கு மாற்றிவிட்டுத்தான் பெருக்க வேண்டும், நகர்த்த வேண்டும். மாற்றாமல் விட்டால் கணக்கு சாதாரண இன்ட்டில் நடக்கும். முதல் பைட் 128 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது இன்ட்டின் எல்லையைத் தாண்டும். அதன்பின் என்ன நடக்கும் என்று சி தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை.

'அன்சைன்ட்' என்ற சொல்லை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். படங்களின் அகல உயரங்களைப் பட்டியலிட ஒரு சிறு புரோகிராம் எழுதினேன். பெரும்பாலான படங்களுக்குச் சரியாக வந்தது. ஆனால் 1920 அகலம் கொண்ட படங்கள் எல்லாம் 1664 என்று வந்தன. உயரம் 1080 மட்டும் சரியாக இருந்தது. அரைநாள் தேடினேன். 1920 என்பது கோப்பில் 0 0 7 128. சாதாரண கேர் என்னுடைய கம்பைலரில் எதிர்ம எண்களையும் ஏற்கும் வகை. அதில் 128 என்பது −128 ஆகிவிடுகிறது. 7 × 256 = 1792, அதில் 128 கழிந்தால் 1664. 1080 என்பதோ 0 0 4 56. அதில் 127க்கு மேல் எந்தப் பைட்டும் இல்லாததால் தப்பியது. சில கோப்புகளில் மட்டும் பிழை வந்தால், முதலில் 127க்கு மேற்பட்ட பைட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஐஎச்டிஆர் தரவை ஒரே ஸ்ட்ரக்டில் படித்துவிடலாமே என்று தோன்றும். அகலம் 4, உயரம் 4, பின் ஒவ்வொரு பைட்டாக ஐந்து, மொத்தம் 13. ஆனால் அந்த ஸ்ட்ரக்டுக்கு சைஸ்ஆஃப் கேட்டால் வழக்கமாக 16 என்று வரும். கம்பைலர் கடைசியில் 3 பைட் இடைவெளி விடுகிறது. 16 பைட் படித்தால் சிஆர்சியில் மூன்றை விழுங்கிவிடுவீர்கள். அதன்பின் கோப்பில் எல்லாமே மூன்று இடம் தள்ளிப்போகும். ஒவ்வொரு புலத்தையும் பைட் அரேயிலிருந்து தனித்தனியாக எடுப்பதுதான் சரி.

படி 4: நீளத்தை நம்புவதற்கு முன்

நீளம் கைக்கு வந்துவிட்டது. மேலாக் போடக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்த எண் கோப்பிலிருந்து வந்தது. கோப்பு பாதியில் அறுந்திருக்கலாம், யாராவது வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம்.

மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, வடிவத்தின் சொந்த வரம்பு. பிஎன்ஜியில் ஒரு துண்டின் நீளம் 2147483647ஐத் தாண்டக் கூடாது என்று வரையறை சொல்கிறது. இரண்டாவது, கோப்பில் மீதி அவ்வளவு இருக்கிறதா என்பது. தொடக்கத்திலேயே எஃப்சீக் கொண்டு முடிவுக்குப் போய், எஃப்டெல் மூலம் மொத்த அளவைக் கேட்டு வைத்துக்கொண்டு, தொடக்கத்துக்கே திரும்பிவிடுங்கள். படிக்கப் படிக்க மீதியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மீதி 4க்குக் குறைவாக இருந்தால் பிழை. நீளம், மீதியில் 4 கழித்ததைவிட அதிகமாக இருந்தாலும் பிழை. அந்த 4, சிஆர்சிக்கு. இந்த வரிசை முக்கியம். குறியில்லாத எண்ணில் 3லிருந்து 4ஐக் கழித்தால் −1 வராது, மிகப் பெரிய எண் வந்து நிற்கும். மூன்றாவது, உங்கள் வேலைக்கு எவ்வளவு தேவையோ அந்த வரம்பு. உரைத் துண்டை மட்டும் படிக்கிறீர்கள் என்றால் 10 லட்சம் பைட்டுக்கு மேல் வருவதை மறுத்துவிடலாம்.

படி 5: இடம் ஒதுக்கிப் படிப்பது

எப்போதும் நீளத்தைவிட ஒன்று கூடுதலாகக் கேளுங்கள். படித்து முடித்ததும் அந்தக் கடைசி இடத்தில் 0 வையுங்கள். இதனால் இரண்டு நன்மைகள். உரையாக இருந்தால் சியின் வழக்கப்படி பூஜ்ஜியத்தில் முடியும். அப்புறம், ஐஎண்ட் துண்டின் நீளம் 0 என்று சொன்னேனே, மேலாக்கிடம் 0 பைட் கேட்டால் அது நல் பாயிண்டரை (எந்த இடத்தையும் சுட்டாத வெற்று முகவரி) தரலாம், தராமலும் இருக்கலாம். இரண்டையும் தரநிலை அனுமதிக்கிறது. நல் வந்தால் உங்கள் புரோகிராம் நினைவகம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, நல்ல கோப்பைக் கடைசித் துண்டில் வைத்து நிராகரித்துவிடும். ஒன்றைக் கூட்டிக் கேட்டால் இந்தச் சிக்கலே எழாது.

ஆனால் கூட்டுவதற்கு முன் படி 4 முடிந்திருக்க வேண்டும். சோதிக்காத நீளம் 4294967295 ஆக இருந்து, அதை 32 பிட்டிலேயே ஒன்று கூட்டினால் 0 ஆகிவிடும். பூஜ்ஜியம் பைட் ஒதுக்கிவிட்டு 400 கோடி பைட் எழுதப் போவீர்கள். எத்தனையோ மென்பொருள்களில் பாதுகாப்பு ஓட்டையாக மாறியது இந்த வகைத் தவறுதான்.

ஒவ்வொரு துண்டுக்கும் மேலாக், ஃப்ரீ என்று போனால் தொடக்கத்துக்கு அதுவே போதும். ஒரே இடத்தை ரீஅலாக் கொண்டு பெரிதாக்கிப் பயன்படுத்தினால், விடையை முதலில் வேறொரு பாயிண்டரில் வாங்குங்கள். பழைய பாயிண்டரிலேயே வாங்கி, ரீஅலாக் தோற்றுவிட்டால் பழைய இடத்தின் முகவரியும் தொலைந்துவிடும்.

வேண்டாத துண்டுகளைத் தாண்ட எஃப்சீக் போதும், நீளத்தோடு 4 கூட்டி. எந்தத் துண்டைத் தாண்டலாம் என்பதை வகையின் முதல் பைட்டே சொல்லும். அதில் 32க்குரிய பிட் அணைந்திருந்தால் (0) அந்தத் துண்டு இல்லாமல் படத்தைக் காட்ட முடியாது, எரிந்திருந்தால் (1) விட்டுவிடலாம். ஐஎச்டிஆரின் முதல் பைட் 73, அதில் 32 இல்லை. உரைத் துண்டான டெக்ஸ்டின் முதல் பைட் 116, அதில் 32 உண்டு.

சிஆர்சியைச் சோதிக்க ஸிலிப் நூலகத்தின் சிஆர்சி32 ஃபங்ஷனே உதவும். வகை, தரவு இரண்டும் சேர்த்துத்தான் கணக்கு. நீளம் அதில் சேராது.

படி 6: துண்டுக்குள்ளே இன்னொரு நீளம்

நீளம் மாறும் தரவுக்குள்ளேயே நீளம் மாறும் பகுதிகள் வரும். தமிழ் எழுதுகிற நமக்கு இதற்கு நல்ல உதாரணம் கையிலேயே இருக்கிறது. டெக்ஸ்ட் துண்டு லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது) எழுத்துகளை மட்டுமே ஏற்கும், தமிழ் அதில் நிற்காது. தமிழுக்கு ஐடிஎக்ஸ்டி துண்டு வேண்டும். அதில் உரை யுடிஎஃப்-8 முறையில், அதாவது யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையில் இருக்கும்.

படத்துக்கு 'தமிழ்' என்று தலைப்பு வைப்பதாகக் கொள்வோம். முதலில் ஆங்கிலத்தில் 'டைட்டில்' என்ற திறவுச்சொல், 5 பைட். பின் ஒரு 0. அடுத்து சுருக்கப்பட்டதா என்று ஒரு பைட், சுருக்கிய முறைக்கு ஒரு பைட். பின் தமிழைக் குறிக்கும் இரண்டெழுத்து மொழிக்குறி, ஒரு 0. பின் திறவுச்சொல்லின் மொழிபெயர்ப்பாக 'தலைப்பு'. யூனிகோடில் இது த, ல, ஐகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி என 7 குறிகள். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 21. பின் ஒரு 0. கடைசியாக 'தமிழ்', 5 குறிகள், 15 பைட். எல்லாம் கூட்டினால் 48. கோப்பில் நீளம் 0 0 0 48 என்று இருக்கும்.

அந்த 15 எங்குமே எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். முன்னால் இருப்பவை 33 பைட், 48இல் 33 போக 15. இப்படிக் கழித்துத்தான் உரையின் நீளம் கிடைக்கும். உரைக்குப் பின்னால் 0 கிடையாது. அடுத்து வருவது சிஆர்சி.

பூஜ்ஜியத்தைத் தேட எஸ்டிஆர்லென் வேண்டாம். சிதைந்த கோப்பில் பூஜ்ஜியம் முன்னதாகவே வந்து ஏமாற்றலாம், வராமலே போகலாம். மெம்சிஎச்ஆர் ஃபங்ஷனிடம் மீதி எத்தனை பைட் என்றும் சொல்லித் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அது பிழையான துண்டு. ஒவ்வொரு முறை தேடியதும் மீதியைக் குறையுங்கள். சுருக்கக் குறியும் முறையும் எடுப்பதற்கு முன் மீதி 2 இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேறு கோப்புகளுக்குப் போகும்போது

முறை இதுவேதான், விதிகள் மட்டும் மாறும். ஜேபெக்கில் நீளம் 2 பைட், அந்த எண்ணில் அந்த 2 பைட்டும் அடங்கும். ஆகவே தரவுக்கு 2 கழிக்க வேண்டும். கழிக்கும் முன் நீளம் 2க்குக் குறைவா என்று பார்த்துவிடுங்கள். வேவ் ஒலிக்கோப்பில் சிறிய பைட் முதலில் வரும், நீளம் ஒற்றைப்படையாக இருந்தால் தரவுக்குப் பின் ஒரு பைட் நிரப்பாக இருக்கும். மிடி இசைக்கோப்பில் நீளத்தின் நீளமே மாறும். ஒவ்வொரு பைட்டிலும் 7 பிட்தான் மதிப்பு. 128க்குரிய மேல் பிட் எரிந்திருந்தால் அடுத்த பைட்டும் உண்டு என்று பொருள். 128 என்ற எண் அங்கே 129 0 என்று வரும். அதிகபட்சம் 4 பைட்டுகள்தான், ஐந்தாவதைத் தேடிப் போகாமல் லூப்பை நிறுத்திவிடுங்கள்.

சோதித்துப் பார்ப்பது

நல்ல படங்களை மட்டும் கொடுத்துச் சோதித்தால் எழுதியதில் பாதி ஓடவே ஓடாது. 1 × 1 அளவில் 67 பைட்டிலேயே ஒரு முழு பிஎன்ஜி படம் செய்ய முடியும். அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை 0 பைட், 1 பைட், 2 பைட் என்று 66 பைட் வரை வெட்டி 67 கோப்புகள் செய்யுங்கள். ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டிலும் உள்ள அட்ரஸ் சானிடைசரை (நினைவகத்தில் எல்லை மீறினால் காட்டிக்கொடுக்கும் கருவி) இயக்கி கம்பைல் செய்து, ஒவ்வொன்றையும் கொடுங்கள். 67ம் 'கோப்பு முழுமையில்லை' என்று அமைதியாகத் திரும்ப வேண்டும். ஒன்றுகூடக் கிராஷ் ஆகக் கூடாது, ஒன்றுகூடத் தேறக் கூடாது.

63, 64, 65, 66 பைட் கோப்புகள் மட்டும் தேறிவிட்டால் படி 4இன் மீதிக் கணக்கைப் பாருங்கள். ஐஎண்டின் சிஆர்சி 174 66 96 130 உட்கார வேண்டிய இடம் அது. அதைப் படிக்காமல் எஃப்சீக் கொண்டு தாண்டியிருப்பீர்கள். கோப்பின் முடிவைத் தாண்டிப் போகச் சொன்னாலும் எஃப்சீக் மறுப்பதில்லை.